லத்தீப் மாமு தோண்டிய குழியின் மெய்வரலாறு

திருப்பத்தூர்,
சனிக்கிழமை.

சென்னை மாநகரின் மழைத்தண்ணீருக்கெல்லாம் வழி சொல்லும் என் மருமகள் லுப்னாவுக்கு, மாமு லத்தீப்பின் ஸலாம். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா புகார் சொன்னாள். இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பவேண்டாம். ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன்.

ஜவ்வாது மலை தும்மினால் நம் தெருவுக்கு ஜலதோஷம். எல்லோரும் வாசல்வரை சிமெண்ட் போட்டதிலிருந்து மலைத்தண்ணீர் இறங்க இடமில்லாமல் நேராக நம் நடுவீட்டுக்கு வந்துவிடுகிறது. போன மழையில் கட்டிலில் படுத்தவன், மலையைச் சுற்றிக்கொண்டுபோய்க் கலசப்பாக்கத்தில் கண் விழித்தேன். இன்னொரு தடவை தண்ணீர் உள்ளே வந்தால் வாணியம்பாடித் தங்கை வீட்டோடு போய்விடுவதாக உன் மாமி சகிலா சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அதனால்தான் நீ போனில் சொன்னபடி வாசல் சிமெண்டை உடைத்தேன். குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, வெட்டிவேர் நடச் சொன்னாய். நான் தோண்டிய ஆழத்தில், பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றார்கள். ஓரத்தில் செங்கல் அடுக்கினேன். அங்கேதான் தப்பு நடந்தது. நம்ம ஊர்ப்பக்கம் வாசலில் குழி, ஓரத்தில் செங்கல் என்றால் இன்னா அர்த்தம்? பிரியாணி அடுப்பு. பிரியாணி அடுப்பென்றால் கல்யாணம்.

எதிர்வீட்டுக் கண்ணாயிரம், "இன்னா பாய், மருமவளுக்கு நிக்காவா? எங்கிட்டகூட சொல்லல?" என்றான். மழைத்தண்ணீருக்கு என்றேன்.

"தண்ணிக்கு யாருனா செங்கல் அடுக்குவாங்களா? எத்தினி தேக்சா பிரியாணி, அத்த மட்டும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மூவாயிரம் பேர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணமங்கலத்திலிருந்து பேண்டு வாத்தியம் வேறு. ஆளுக்கொரு டீ கொடுத்துக்கொண்டே மாமி என்னைப் பார்த்த பார்வையில், ஆறிய டீ மறுபடி கொதித்தது. அப்போது மலை கருத்தது. துளிக்கொரு குடமாக மழை. தெருத்தண்ணீர் யானைக்கூட்டமாய் வந்து குழியில் விழ, குழி குடித்தது, ஏப்பம் விட்டது, இன்னும் கேட்டது. மூவாயிரம் பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாயிரம் மட்டும், "தண்ணி குடிக்குது, சரி. சோறு எப்போ?" என்றான்.

உன் ஆபீஸில் எல்லோரும் என் குழியைப் பாடமாகப் படிக்க ரப்பு அருள்வானாக. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஜவ்வாது மலைத்தண்ணீரின் அதிபதி,
மாமு லத்தீப்

பி.கு.: மாமி படித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறாள். வந்தவர்கள் ஏழு பேர். பேண்டு வாத்தியம் இல்லை. குழி முழங்காலளவு, அதிலும் நான் அள்ளியது இரண்டு கூடை மண், மீதி கூலியாள். ஒன்றே ஒன்றுதான் மெய். மழை விட்டதும் பார்த்தேன், படியில் மாமியின் செருப்பு மிதந்து போகாமல், விட்ட இடத்திலேயே ஜோடியாகக் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாணியம்பாடிக்கு இல்லை, அடுத்த தெருவுக்கு, குழியைப் பற்றிப் பீற்றிக்கொள்ள.