காணாமல் போனோர் சங்கத்தின் புதிய முகவரி

மனிதர்கள் காணாமல் போவதையே அடியோடு நிறுத்திக் காட்டிய ஒரே அமைப்பு எங்கள் 'காணாமல் போனோரைத் தேடும் சங்கம்'தான். அந்த மகத்தான சாதனை நிகழ்ந்த விதத்தை, துணைச் செயலாளர் என்ற முறையில் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் இணையதளத்தின் பெயர் நீளமாக இருந்தது. தலைவருக்கு அது பிடிக்கவில்லை. கூட்டம் போட்டு, 'காலத்துக்கேற்ற' சின்னப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். தளத்தை மாற்றியமைத்த பெண், பழைய பெயரையும் கைவிட வேண்டாம் என்றார். ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால், பழைய முகவரியைத் தட்டுகிறவர்கள் தானாகவே புதியதற்கு வந்து சேர்வார்களாம்.

"வீடு மாறினப்புறம் பழைய வீட்டுக்கு யாரும்மா வாடகை குடுப்பாங்க?" என்றார் தலைவர்.

"பழைய வாசல்ல புது விலாசத்தை எழுதி வைக்கிற மாதிரி சார் இது."

அவர் சொன்னதைப் 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொண்டோம். எங்கள் சங்கத்தில் பரிசீலனைக்குள் போன எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்பட்டதில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் பழைய மின்னஞ்சலுக்கே போயின. பழையதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற கொள்கைப்படி அதை நாங்கள் திறப்பதில்லை. பெயர் காலாவதியானது. ஒரு விக் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டார்.

பிறகுதான் அந்த அதிசயம். தேடித் தரச் சொல்லி வந்துகொண்டிருந்த விண்ணப்பங்கள் மெல்லக் குறைந்து, ஒரேயடியாக நின்றுபோயின. சுவரொட்டிகளில் தொலைபேசி எண் போடுவதை 'நவீனமயமாக்கல்' என்ற பேரில் முன்பே நிறுத்தியிருந்ததால், அலுவலகத்தில் அப்படி ஓர் அமைதி. ஊரில் இனி யாரும் தொலைவதில்லை என்று தலைவர் அறிவித்தார். விழா எடுக்கத் தீர்மானித்தோம்.

இதற்கிடையில் ஒரு தையல்காரம்மா. வீட்டில் ஒரு வாய்ச்சண்டையில் கோபித்துக்கொண்டு போன அண்ணனைத் தேடித் தரும்படி எங்களிடம் முன்பே பதிவு செய்திருந்தவர். அண்ணனின் படத்தோடு ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டியிருந்தோம். ஏதாவது தகவல் உண்டா என்று அந்த அம்மாள் அவ்வப்போது எங்கள் தளத்தை, பழைய முகவரியில்தான், திறந்து பார்ப்பார். ஒருநாள் திறந்தபோது, 'போனதை நினைத்து வருந்தாதீர்கள், அசலைப் போலவே ஒன்று தருகிறோம்' என்றிருந்தது. தையல் இயந்திரத்தில் வைத்த காலை அசைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டு அழுதாராம்.

அண்ணனோ வேறொரு ஊரின் பேருந்து நிலையத்தில் தன் சுவரொட்டியைப் பார்த்தார். மனம் இளகிவிட்டது. அதிலிருந்த எங்கள் பழைய தள முகவரியைக் கைப்பேசியில் தட்டினார். 'வழுக்கையா? இனி யாருக்கும் தெரியாது' என்று வந்தது. படத்தில் இருந்த முடியில் பாதிகூட இப்போது அவர் தலையில் இல்லை. தன்னைக் கேலி செய்யத்தான் தங்கை இவ்வளவு செலவு செய்து சுவரொட்டி ஒட்டியிருக்கிறாள் என்று கொதித்துப்போய், அதே எண்ணைக் கூப்பிட்டுக் கன்னாபின்னாவென்று திட்டினார்.

விக் கடையில் தொலைபேசி எடுக்கும் பெண்ணுக்கு இந்த மாதிரி அழைப்புகள் பழகிவிட்டிருந்தன. முடி கேட்பவர்களைவிட மனிதர்களைக் கேட்பவர்கள்தான் அங்கே அதிகம். அண்ணன் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் யார் யார் என்று விசாரித்தார்.

"உங்க தங்கச்சி கேலி பண்ணலண்ணே. என்கிட்ட அழுதாங்க. லைன் போட்டுத் தரேன், பேசுறீங்களா?"

"போடும்மா" என்றார் அண்ணன். மறுநாள் வீடு வந்து சேர்ந்தார்.

செய்தித்தாளில் இதைப் படித்த தலைவர் பூரித்துப்போனார். சுவரொட்டி நம்முடையது, ஆகவே வெற்றியும் நம்முடையதே. அண்ணனையும் தங்கையையும் விழா மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தோம். சங்கத்தின் சேவையைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி நானே ஒலிவாங்கியைத் தையல்காரம்மாவிடம் நீட்டினேன். அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

"ஊர்ல யாருமே தொலையறதில்லன்னு தலைவர் சொன்னாரு. போன வாரம்கூட எங்க பக்கத்து வீட்டுக்காரரைக் காணோம். விக் கடைக்குத்தான் போன் போட்டோம். உங்களைத் தேடுறதை நாங்க எல்லாம் விட்டுட்டோம் சார்."