பின்பக்கம் சிரித்த சுவர்

சுவர் பேசும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? அப்படியானால் நீங்கள் எங்கள் ஊரில் வீடு வாங்கியவரும் இல்லை, விற்றவரும் இல்லை.

எங்களுடையது சின்ன நகரம். இருந்த ஒரே ஆலையை மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. புது ரயில் பாதை வரப்போகிறது என்று இன்னொரு பேச்சு. வீடு வைத்திருந்தவர்கள் முதல் பேச்சை நம்பி, விலை விழுந்துவிடும் என்று தூக்கத்தைத் தொலைத்தார்கள். வீடு இல்லாதவர்கள் இரண்டாவதை நம்பி, விலை ஏறிவிடும் என்று தொலைத்தார்கள். ஊரே கொட்டக் கொட்ட விழித்திருந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார் சுவரையா.

ஆள் ஊருக்குப் புதுசு. டாக்டர்கள் மார்பில் வைத்துப் பார்க்கும் குழாயை அவர் சுவரில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும். சுவர் அழுதால் விலை விழும், விற்றுவிட வேண்டும். சிரித்தால் விலை ஏறும், வாங்கிவிட வேண்டும். அழுகிற வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு புரோக்கர் தயாராக நிற்பார். சிரிக்கிற வீட்டை நல்ல விலைக்கு முடித்துத் தரவும் அதே புரோக்கர்தான். அவரும் ஊருக்குப் புதுசு. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பக்தி முற்றியது. சுவர் மனம் நோகுமே என்று ஆணி அடிப்பதை நிறுத்தினார்கள். கடிகாரமும் கல்யாணப் படமும் தரைக்கு வந்தன. கணவன் மனைவி சண்டைகள் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தன. ஒரு வங்கி மேலாளர் வீட்டுக்குள் தும்மக்கூட மாட்டாராம். வாசலுக்கு வந்து தும்மிவிட்டுப் போவாராம். படித்தவர், விவரம் தெரிந்தவர்!

இந்தக் கூட்டத்தில் நம் பஸ் கண்டக்டரும் ஒருவர். சில்லறை விஷயத்தில் புலி. அவர் அப்பா விட்டுப்போன வீடு பெரிய தெருவிலிருந்து பின்சந்து வரை நீண்டது. நடுவில் ஒரு சுவர் வைத்து, முன்பாதியை அவரும் பின்பாதியை அவர் தங்கையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பாதியில், அந்தச் சுவரை ஒட்டித்தான் கண்டக்டரின் மனைவி தையல் மிஷின் போட்டிருந்தார். அந்தத் தெருவில் அவரிடம் துணி கொடுக்காத வீடு இல்லை.

சுவரையா வந்தார். குழாயை வைத்தார்.

"தேம்பித் தேம்பி அழுவுதப்பா. இன்னும் கொஞ்ச நாள்தான், பாதி விலைக்குக்கூடப் போவாது. வித்துடு."

கண்டக்டர் புரோக்கரிடம் தலையாட்டிவிட்டார்.

"ஏங்க, வீட்ட வித்துட்டு எங்க போறது? என் வாடிக்கை எல்லாம் இங்கதானே இருக்கு?" என்றார் மனைவி.

"சுவரே அழுவுது, நீ வேற அழாத!"

அவர் அழத்தான் செய்தார். பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு துணியாகச் சேர்த்த பிழைப்பு ஒரு குழாயில் போகிறது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

அழுதுகொண்டே பின்சந்துக்குப் போய் நாத்தனாரிடம் சொன்னார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகியிருந்தது. அண்ணியையும் நாத்தனாரையும் ஒரே கட்சியில் சேர்த்துவைத்தது சுவரையா செய்த அற்புதம். அதை மட்டும் நான் மறுக்கமாட்டேன்.

நாத்தனாருக்கு ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. 'உடனே சரி பண்ணிடறோம் சார்' என்று நாள் முழுக்கச் சொல்பவர். பொய்யின் குரல் அவருக்கு அத்துப்படி.

"அழாதீங்க அண்ணி. நாளைக்கு அந்தாள நான் இங்க கூப்பிடறேன். நான் சுவத்தத் தட்டற வரைக்கும் நீங்க பாட்டுக்குத் தைச்சுக்கிட்டே இருங்க."

மறுநாள் சுவரையா பின்சந்து வழியாக வந்தார். நேற்றுப் பார்த்த வீட்டின் மறுபாதிதான் இது என்று ஊருக்குப் புதியவருக்குத் தெரியாது. பின்னால் புரோக்கரும் வழக்கமான கூட்டமும். நாத்தனார் பவ்யமாக நின்றார்.

"இங்க வாடகைக்கு இருக்கேன் ஐயா. ஓனர் விக்கிறாராம். விலைதான் அதிகமா சொல்றாரு. வாங்கலாமா?"

புரோக்கரின் முகம் மலர்ந்தது. சுவரையா குழாயை நடுச்சுவரில் வைத்தார். அந்தப் பக்கம் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஹா!" என்றார். "சிரிக்குதம்மா! குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது! இப்படிச் சிரிக்கிற சுவர நான் பாத்ததே இல்ல. கேட்ட விலையக் குடுத்து வாங்கிடு. நாலே வருஷத்துல ரெட்டிப்பாகும்."

கூட்டம் கைதட்டியது.

நாத்தனார் சுவரை மூன்று தட்டு தட்டினார். மிஷின் நின்றது. "அண்ணே, கேட்டுச்சா?" என்று கத்தினார்.

அந்தப் பக்கம் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த கண்டக்டருக்கு எல்லாமே கேட்டிருந்தது. பங்கு போட்டபோது கட்டிய மலிவான சுவர்.

"யோவ்!" என்று சுவர் உறுமியது. "நேத்து இந்தப் பக்கம் நின்னு அழுவுதுன்னியேய்யா! இதே சுவருய்யா இது!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. முதன்முறையாக ஒரு சுவர் நிஜமாகவே பேசிவிட்டது.

"அது... சுவருக்கு முன்பக்கம் சோகம், பின்பக்கம்..." என்று இழுத்தார் சுவரையா.

"அழுததும் சிரிச்சதும் சுவரில்ல ஐயா, குலுங்கினது எங்க அண்ணியோட தையல் மிஷின்," என்றார் நாத்தனார். "விக்கிறவங்க பயந்தா அழுவுது, வாங்கறவங்க ஆசப்பட்டா சிரிக்குது. ரெண்டுலயும் லாபம் இவருக்கு." புரோக்கரைக் காட்டினார்.

கண்டக்டர் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குள் ஓடிவருவது தெரிந்தது. சுவரையாவின் ஞானம் கால்களுக்கு இறங்கியது. "மச்சான், வண்டிய எடுடா!" என்று அலறினார். புரோக்கர் எடுத்தார். முன்பின் தெரியாத இருவர் அன்று மச்சான் முறையாகி ஒரே வண்டியில் பறந்தார்கள்.

கண்டக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். மனைவியும் பின்னாலேயே வந்தார். "நான் சொன்னா கேக்கல. சுவர் சொன்னா கேப்பீங்க," என்றார் மனைவி. அன்று மாலையே மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கியவர் கண்டக்டர்தான்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. வங்கி மேலாளர் மெதுவாக முன்னால் வந்தார்.

"எல்லாம் சரிம்மா. நெசமா விலை ஏறுமா, எறங்குமா?"

"வாங்க ஆள் வந்தா ஏறும், வராட்டி எறங்கும். இதச் சொல்ல சுவர் எதுக்கு சார்?"

அவர் யோசித்தபடி போனார். யோசித்தாரே, அதுவே பெரிது. செங்கல்லுக்குள் அறிவு இருக்கிறதா என்று குழாய் வைத்துப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது. தன் தலைக்குள் இருக்கிறதா என்று ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை. கொஞ்சம் தொட்டுத்தான் பாருங்களேன். அதற்குக் குழாயும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம்.