என்னை நிறுத்துவதற்கென்று ஒரு கடிகாரம்

விளக்குவது வேறு, இழுப்பது வேறு. இத்தனை வருட ஆசிரியர் பணியில் இந்த வேறுபாட்டை என்னால் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. (புரியவைக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிறார்கள்.)

சில ஆண்டுகளுக்கு முன், கடத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மாவட்டக் கண்காட்சிக்கு, உடலில் அணியும் கடிகாரம் ஒன்றைப் பொறியியல் வடிவமைப்பு முறைப்படி மாணவர்களே உருவாக்கி வர வேண்டும் என்றார்கள். அதாவது யாருக்கோ இருக்கும் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, அவர்களைக் கேட்டு, யோசித்து, வரைந்து, செய்து, சோதித்து, திருத்த வேண்டும். நான் ஒழுங்கை விரும்புகிறவன். இந்த முறையை என்னைக் கேட்டுத்தான் வகுத்தார்களோ என்று பூரித்துப்போனேன். “சிக்கல் உள்ளவர் சொல்வதை மறுத்துப் பேசக் கூடாது” என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

குழுத் தலைவி ஷபானா. ஒரு வாரம் கழித்து, கூட்டாளி திவாகருடன் வந்து நின்றாள்.

“சார், சிக்கல் கெடச்சிருச்சுங்க.”

“சொல்லும்மா.”

“கடைசி பீரியடு பெல் அடிச்சும் க்ளாஸ் போயிட்டே இருக்குதுங்க. நாலரை பஸ்ஸு போயிருது. பாதிப் பேரு நடந்துதான் வூட்டுக்குப் போறோம்.”

“எந்த ஆசிரியர்?” என்றேன் கடுமையாக. அப்படிப்பட்டவரைக் கண்டிக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

திவாகர் மின்விசிறியைப் பார்த்தான். ஷபானா என்னைப் பார்த்தாள். “நீங்கதாங்க சார்.”

“நானா? நான் எப்பம்மா...”

“மறுத்துப் பேசக் கூடாதுங்க சார்.”

பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரை ஒரு மலிவு டிஜிட்டல் வாட்ச்சோடு இணைத்து, ரெக்சின் பட்டையில் வைத்துத் தைத்தார்கள். குறித்த நேரம் ஆனதும் முதலில் மணிக்கட்டில் கூசும். பிறகு உறுமும். அதற்கும் மசியாவிட்டால், லாரி பின்னால் எடுப்பதைப் போலக் கத்தும். (மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். “ஒரு சேஃப்டிக்குங்க சார்” என்றான் திவாகர்.)

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எங்கள் பள்ளி மாநிலப் போட்டிக்குப் போக வேண்டுமானால், அந்தக் கடிகாரம் எல்லோர் முன்னிலையிலும் என்னை நிறுத்திக் காட்ட வேண்டும். என் மானம் நிலைக்க வேண்டுமானால், நிறுத்த வேண்டிய ஆளே நான் இல்லை என்று காட்ட வேண்டும். போதாக்குறைக்கு என் மனைவி சுமதியும் கண்காட்சிக்கு வந்திருந்தாள். (“வேடிக்க பாக்கத்தான்” என்று வெளிப்படையாகவே சொன்னாள்.)

தருமபுரியில் எங்கள் மேசைக்கு வந்த நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. கடிகாரத்தை ஐந்து நிமிடத்துக்கு வைத்து என் கையில் கட்டினார்கள். நான் நிழற்கடிகாரம் பற்றி நறுக்கென்று நாலு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தினேன். கடிகாரம் வாயே திறக்கவில்லை. சுமதியை வெற்றியோடு பார்த்தேன்.

“அப்போ நீங்க சொல்ற சிக்கலே இல்லையேம்மா?” என்று பேராசிரியை பேனாவை மூடினார்.

ஷபானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இருக்குதுங்க மேடம். சார் இன்னைக்குத்தான் இப்படி.”

இன்னைக்குத்தானா? வந்ததே எனக்குக் கோபம்! “மேடம், ஒரே ஒரு நிமிஷம்” என்று ஆரம்பித்தேன்.

பிறகு நடந்தது சுமதி சொல்லித்தான் தெரியும். கடிகாரம் கூசியபோது நான் கையைச் சொறிந்துகொண்டே பேசினேனாம். உறுமியபோது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேனாம். கத்தியபோது, “யாருப்பா அது, போனை அணைங்க!” என்று கூட்டத்தை அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேனாம். கடைசியில் கடிகாரம்தான் ஓய்ந்ததாம். திவாகர் பழைய பேட்டரியைப் போட்டிருப்பான். அதற்கு நானா பொறுப்பு?

“கருவி நல்லா வேலை செய்யுது. ஆனா நோக்கம் நிறைவேறலையே” என்றார் பேராசிரியை. மாநிலப் போட்டிக்கு வேறு பள்ளி போனது. அன்று இரவு நாட்குறிப்பில் “அநியாயம்” என்று ஒரே ஒரு சொல் எழுதினேன். (எனக்குச் சுருக்கம் தெரியாது என்பவர்கள் கவனிக்கவும்.)

ஷபானா அத்தோடு விடவில்லை. திருத்துவது பாக்கி இருக்கிறதாம். அடுத்த வாரம் வந்து, “திருத்திட்டோமுங்க சார்” என்றாள்.

“எங்கே, காட்டு.”

“வாட்ச்சு இல்லீங்க சார். பஸ்ஸுதான்.”

வகுப்பே திரண்டுபோய் டவுன் பஸ் ஓட்டுநரிடம் பேசியிருக்கிறது. வழியில் வேறெங்கோ குடிக்கும் டீயை இனி எங்கள் பள்ளி நிறுத்தத்திலேயே, பிள்ளைகள் வரும்வரை குடிக்கிறேன் என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டாராம். என்னை நிறுத்துவதைவிடப் பேருந்தை நிறுத்துவது சுலபம் என்பது அவர்களுடைய ஆய்வின் முடிவு. “செலவே இல்லீங்க சார்” என்று பெருமை வேறு!

சுமதி இதை இரண்டு பக்கத்து உறவிலும் பரப்பிவிட்டாள். இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில், “இவருக்காவ பஸ்ஸே நின்னு போவுதுங்க” என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். போன மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பந்தியில், அதை நம்பிவிட்ட பெரியவர் ஒருவர் பக்கத்து இலையிலிருந்து என்னைக் கும்பிட்டார்.

“எங்கூருக்கும் ஒரு பஸ்ஸு விடச் சொல்லுங்க சாமி.”

எனக்கு அப்படியெல்லாம் செல்வாக்கு கிடையாது என்பதை அவருக்கு முறையாக, முதலிலிருந்து விளக்கினேன். அதற்குள் பாயச வாளி எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்கிறார்கள்!