பூட்டுக்குக் கட்டம் இல்லை

நெருப்பைக் கண்டுபிடித்தது மனிதகுலத்தின் மகத்தான சாதனை என்பார்கள். அதைவிடப் பெரிய சாதனை, அந்த நெருப்பை ஆறு பக்க ஃபாரத்தில் அடக்கிக் காட்டியது. செய்தது எங்கள் கல்கத்தா அலுவலகம். ஆண்டு 1978. ‘தீ அபாய மதிப்பீடு’ என்று அதற்குப் பெயர். நடத்தியவர் நிர்வாக அதிகாரி கோவிந்தராஜன். கூடவே நடந்து எழுதியவன் நான்.

மூன்றாம் மாடியில் எட்டு டைப்பிஸ்டுகள். கூரைவரை பழைய ஃபைல்கள். டைப்பிஸ்டுகளில் மூத்தவரான பாகீரதிக்கு ஒரே கோரிக்கை: பின்படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரு மோகன் பகான் கால்பந்து ஆட்டத்தன்று அக்கவுண்ட்ஸ் பிரிவு மொத்தமும் அந்த வழியாக மைதானத்துக்கு இறங்கிப் போய்விட்டது. மறுநாளே அதிகாரி கதவைப் பூட்டி, சாவியைத் தம் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். மூன்று வருடமாக அலுவலகத்தில் ‘ஒழுங்கு’ நிலவுகிறது.

“கரண்டு போனா எட்டு மேஜையிலயும் மெழுகுவத்தி எரியறது சார். சுத்திலும் காகிதம்,” என்றார் பாகீரதி.

கோவிந்தராஜன் ஃபாரத்தைப் புரட்டினார். “மாற்று வழி உண்டான்னு கேட்டிருக்கு. படி இருக்கோல்லியோ?”

“இருக்கு. பூட்டியிருக்கு.”

“பூட்டுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

‘உண்டு’ என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. முன்படியில், மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே ஒரு நாற்காலி போட்டு, ‘இங்கே நெருப்பு’ என்று அட்டை மாட்டி, வாசல் காவலாளியான தர்வான் அர்ஜுனனை அங்கே நிறுத்தினார் அதிகாரி. மணி அடித்தது. கீழ் மாடிக்காரர்கள் நான்கே நிமிஷத்தில் தெருவுக்கு வந்து மண்குவளையில் டீ குடித்தார்கள்.

மற்ற ஏழு பேரோடு இறங்கி வந்த பாகீரதியை அர்ஜுனன் ‘தீதி’, அதாவது அக்கா, என்று மரியாதையாக அழைத்தே மறித்தார். நெருப்பைத் தாண்ட யாருக்கும் உத்தரவில்லை. பாகீரதி திரும்பிப் போய் ஜன்னலில் தலையை நீட்டி, தெருவில் நின்ற அதிகாரியைக் கூப்பிட்டார்.

“சார், பின்கதவுச் சாவியைக் குடுத்தனுப்புங்கோ.”

“அது என் டிராயர்ல இருக்கு.”

“எடுத்துண்டு வாங்கோளேன்.”

“நெருப்புப் பிடிச்ச கட்டடத்துக்குள்ள எப்படிம்மா வருவேன்? ரூல் இல்லை.”

பதிலில் குறை சொல்ல முடியாது. அதிகாரி நடைபாதையிலேயே பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுத்தார். எட்டுப் பெயருக்குப் பதில் வரவில்லை. அவர் அசரவில்லை. ‘அலுவலகத்தில் இல்லை’ என்று குறிக்கச் சொன்னார். ‘உயிர்ச்சேதம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அன்று நாங்கள் எட்டுப் பேரைக் கொன்றோம். அந்தக் குற்றத்துக்கு, செத்த எட்டுப் பேருக்கும் அரை நாள் லீவைக் கழித்தோம்.