அரையங்குலத் துளை முற்றுகைப் படலம்

உறை கழற்றா உத்தமனே! கோப்பறைக் கோமகனே! வாங்கிய பொருளை வாங்கிய மேனிக்கே காத்து நிற்கும் காவலனே! நின் புகழ் பாடப் புகுந்தோம். நாவே, நடுவில் சிரித்துத் தொலைக்காதே!

முப்பதாண்டுக் காலம் ஓர் அலுவலகத்தின் கோப்பறையில் தூசிப்படையைத் தன்னந்தனியராய் எதிர்த்து நின்ற அத்தலைமை எழுத்தர், இல்லத்திலும் அந்நெறி பிறழாதவர். ரிமோட் தன் கண்ணாடித்தாள் பைக்குள் துயில, மின்விசிறிச் சுவிட்சுகள் முகத்திரைக்குள் மூச்சுத்திணற, நெகிழிப் போர்வை போர்த்த சோபாவிலிருந்து விருந்தினர் எழுந்திருக்கும்தோறும் ஒட்டிக்கொண்ட முழங்கை ‘சர்ர்’ என்று ஓலமிடும் அவ்வரண்மனைக்குள், வெள்ளிமேனி மின்னப் புத்தம்புதிய லேப்டாப் ஒன்று நேற்றுதான் எழுந்தருளியிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளையும் அவர் உரிக்கவில்லை.

கடல் கடந்து படித்த ஒரே மகள், அன்று மாலை நான்கு மணிக்குப் பட்டமளிப்பு மேடையில் தன் வகுப்பின் சார்பில் ஐந்து நிமிடம் பேசவிருந்தாள். லேப்டாப்பைத் தொலைக்காட்சியோடு இணைத்துச் சுவரளவு திரையில் அவளை நேரலையாகக் காண்பேன் என்று அவளிடமே வாக்களித்துவிட்டார் தந்தை. மனைவி வீட்டார் எண்மர் திரண்டுவந்து சோபாவை நிறைத்தனர். அவர்களுள் மின்பணியாளரான மைத்துனர் ஓரடி முன்வைத்தார். உடனே எழுந்தது வீரமுழக்கம்.

“யாரும் கிட்ட வரக் கூடாது! ஒரு ஒயர் மாட்றதுக்கு ஊரையே கூப்பிடணுமா? நாலு மணிக்கு எம்பொண்ணு இங்க நிப்பா, பாத்துக்கிட்டே இருங்க!”

தொடங்கியது முற்றுகை. சுவரில் அறைந்த தொலைக்காட்சிக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரற்கடை இடைவெளி. வீரர் கரத்திலோ விரல்கள் ஐந்து. ஆயினும் அஞ்சாது, முக்காலி மீதேறி, கன்னம் சுவரில் தேய, சிலந்திவலை மீசையில் படிய, பல்லிடையே டார்ச்சைக் கடித்தபடி, கண்ணுக்குத் தெரியாத அத்துளையை நோக்கிக் கம்பிவடத்தை அவர் செலுத்தினார், அது புகவில்லை. திருப்பிச் செலுத்தினார், புகவில்லை. மூச்சடக்கி, குலதெய்வத்தை ஒருதரமும் கடைக்காரனைப் பலதரமும் அழைத்துக் குத்தினார். தொலைக்காட்சிதான் ஒருபக்கம் சாய்ந்தது. சோபாவில் எண்மரும் ஒருசேர “ஐயோ” என்றனர்.

“என்னங்க, மணி நாலாச்சு. செல்லுலயே வருது, வந்து பாத்துடுங்களேன்” என்றார் மனைவி.

“செல்லுலயா? அந்த உள்ளங்கை அகலத்துலயா எம்பொண்ணைப் பாக்கறது?”

வெகுண்ட வீரர் முக்காலியிலிருந்து இறங்கி, மூக்குக்கண்ணாடியை அணிந்து, கம்பிவடத்தின் முனையைக் கண்ணருகே கொணர்ந்து நோக்கினார். நோக்கியவர் விதிர்விதிர்த்தார். பளிங்கு போன்றொரு நெகிழி மூடி அம்முனையைக் கவ்விக் கிடந்தது. அதையும் அவர் கழற்றியிருக்கவில்லை! ஒருபால் வாழ்நாள் விரதம், மறுபால் பெற்ற பாசம். இரண்டுக்கும் இடையே நெடுநேரம் ஊசலாடிய அந்நெஞ்சம் இறுதியில் மகள் பக்கம் சாய்ந்தது. மூடியைக் கழற்றினார், சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். ‘க்ளுக்’ என்று வீழ்ந்தது கோட்டை. பையோடு ரிமோட்டை அழுத்த, இருண்டு கிடந்த பெருந்திரை ஊழிக்காலச் சூரியனென ஒளிர்ந்தது.

“வந்துடுச்சு! எல்லாரும் பாருங்க!” என்று திசையதிரத் திரும்பினார்.

சோபா காலி. திரையில், ஆளற்ற மேடையிலிருந்து இருவர் நாற்காலிகளை அடுக்கி எடுத்துச் சென்றுகொண்டிருந்தனர். சமையலறைப் பக்கமிருந்து மூக்குறிஞ்சும் ஒலி வந்தது. மனைவி கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார், பின்னால் மற்றவர்கள்.

“பேசி முடிச்சுட்டா. அவ்வளவு நல்லா பேசினா. ‘எங்கப்பா இப்ப பெரிய டிவில என்னைப் பாத்துக்கிட்டு இருப்பாரு’ன்னு சொல்லி உங்களுக்குக் கைகூட ஆட்டினா.”

மலையெனத் தாங்கிய தோள்கள் தளர்ந்தன. வென்ற வீரரை வெறித்து நோக்கியது வெற்றித்திரை.

“நான் ரெக்கார்டு பண்ணியிருக்கேன் மாமா” என்று மைத்துனர் மெல்லச் சொல்லி எதையோ நீட்டினார்.

தந்தை சோபாவில் உட்கார்ந்து, மகளின் பேச்சை அந்தச் செல்போனில் பார்த்தார்.