ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு திரளி மீன்

பட்டம் பெற்ற முதல் வருடம்போல ஆபத்தான காலம் மனித வாழ்க்கையில் வேறில்லை. தெரிந்தது கொஞ்சம்தான் இருக்கும். அதைச் சொல்லத் துடிக்கிற வாய்தான் பெரிதாக இருக்கும். அந்த வருடத்தில் ஒருவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால், கொடுத்தவரும் கெட்டார், கேட்டவரும் கெட்டார். என் கையில் கொடுத்தவர் பாவம், நாகராசா அண்ணை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் செய்கிற குடும்பம் எங்களுடையது. நான் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், நல்லூரில் ஒரு ரியூட்டரியில் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (கடலைப் பற்றி நான் அறிந்ததில் பாதி புத்தகத்தில் படித்தது, மீதி குழம்புச் சட்டியில் கண்டது.) நாகராசா அண்ணை தென்மராட்சியில், கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற ஒரு களப்பின் கரைக் குறிச்சியின் மீனவர் சங்கத் தலைவர். சந்தையில் ஐயா வெங்காயம் விற்க, அவர் மீன் விற்க, இருவருக்கும் நல்ல பழக்கம்.

ஒருநாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கதைத்தார்.

"தங்கச்சி, களப்பிலை மீனெல்லாம் செத்து மிதக்குது. ஹெலி வந்து நஞ்சு தூவினதெண்டு ஆரோ ஒரு கதையைக் கட்டிவிட்டிட்டாங்கள். இப்ப உயிரோடை பிடிச்ச மீனைக் கொண்டுபோனாலும் சந்தையிலை ஒருத்தரும் தொடுகினமில்லை. நீங்கள் இதைத்தானே படிச்சனீங்கள். வந்து சனத்துக்கு விளங்கப்படுத்துங்கோ."

அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பெரிய கடலுக்குப் போகக் கடற்படை தடை போட்டிருந்தது. போனவர்கள் சிலர் திரும்பவில்லை. ஊரில் இருந்த வள்ளம் எல்லாம் அந்தக் களப்பை நம்பித்தான் கிடந்தது.

"ஓம் அண்ணை, வாறன்" என்றேன். என்னிடம் உலகம் முதன்முதலாக ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறது என்ற பெருமையில் அன்றிரவு நித்திரையே வரவில்லை.

கல்யாணம் ஆகாத பெண் தனியே போகக் கூடாது என்று ஐயாவும் கூட வந்தார். களப்புக்கரையில் இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். கரை நீளத்துக்கு வெள்ளி வெள்ளியாக மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. திரளி, கிழக்கன், விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். காகங்களே சலித்துப்போய் மரத்தில் குந்தியிருந்தன. தண்ணீர் முழங்காலளவு கூட இல்லை. பச்சைப் பாசி கட்டிப் பழைய கஞ்சி போல இருந்தது. காலை வைத்தேன், சுட்டது.

பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. (இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அன்று நான் சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.) மழை பொய்த்த வருடம். கடலோடு களப்புத் தொடுகிற முகத்தை மணல் மூடிவிட்டது. தண்ணீர் வற்றிச் சூடேறிவிட்டது. தோட்டங்களிலிருந்து வந்த உரம் முன்னைய மாரியிலேயே இறங்கிப் பாசியை வளர்த்துவிட்டது. அந்தப் பாசி செத்து அழுக, தண்ணீரில் மீனுக்கு மூச்சுவிட ஒட்சிசன் இல்லை. கரையில் இருந்த கண்டல் மரங்களையும் விறகுக்கு வெட்டியாயிற்று. குஞ்சுகளுக்கு ஒதுங்க நிழல் இல்லை. போதாததற்கு ஊர் வள்ளங்கள் எல்லாம் இந்தக் குட்டைக்குள் கண்ணறை சிறுத்த தங்கூசி நைலோன் வலையைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தன. நஞ்சு என்று ஒன்றை வானத்திலிருந்து தூவத் தேவையே இருக்கவில்லை.

வாசிகசாலை முற்றத்தில் கூட்டம். கோயிலில் இரவல் வாங்கிய ஒலிபெருக்கியைப் பனைமரத்தில் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் மூன்று மீன் வியாபாரிகள், பெட்டி கட்டிய சைக்கிள்களோடு. அவர்கள் நம்பினால் சந்தை நம்பும், சந்தை நம்பினால் ஊரில் அடுப்பு எரியும். அவ்வளவுதான் விஷயம். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

நான் ஒட்சிசனின் இரசாயனக் குறியீட்டிலிருந்து தொடங்கினேன்.

அரைமணி நேரத்தில் பாதிச் சனம் கொட்டாவி விட்டது. அதைக் கண்டு நான் குரலை உயர்த்தி, "உண்மையான குற்றவாளி ஆரெண்டு கேட்டியளெண்டால், கணக்கில்லாமல் யூரியாவைக் கொட்டுற வெங்காயத் தோட்டக்காரர்தான்!" என்று முழங்கினேன். முழுச் சனமும் ஒரே நேரத்தில் திரும்பி என் ஐயாவைப் பார்த்தது. ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழும்பினான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

"ரீச்சர், நஞ்சில்லையெண்டு நீங்கள் சொல்லுறியள். சரி. அப்ப ஒண்டைச் சாப்பிட்டுக் காட்டுங்கோவன்."

கூட்டம் கலகலத்தது. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வயது இருபத்துநான்கு.

"கொண்டு வாங்கோ" என்றேன்.

நாகராசா அண்ணையின் மனைவி இராசமலர் அக்கா ஓடிவந்து என் காதுக்குள் சொன்னார். "பிள்ளை, விடிய அவர் உயிரோடை பிடிச்ச மீன் சட்டிக்குள்ளை கிடக்கு. அதைப் பொரிச்சுத் தாறன். அதைச் சாப்பிடுங்கோ, அதுவே காணும்."

"அதைச் சாப்பிட்டால் என்னத்தை நிரூபிக்கிறது அக்கா?" என்று நான் ஒலிவாங்கியிலேயே கேட்டேன். "செத்து மிதந்த மீனைத்தான் சாப்பிடவேணும். அதுதான் விஞ்ஞானம்."

நானே கரைக்குப் போய், இருந்ததில் கொழுத்த ஒரு திரளியைப் பொறுக்கினேன். அது எப்போது செத்தது, எத்தனை நேரம் அந்த வெயிலில் கிடந்தது என்று யோசிக்கவே இல்லை. நஞ்சால் சாகாத மீனும் வெயிலில் பழுதாகும் என்பது பட்டப்படிப்பில் இல்லாத பாடம். (வீட்டில் அம்மாவைக் கேட்டிருந்தால் மணந்து பார்த்தே சொல்லியிருப்பார்.) இராசமலர் அக்கா மூன்று தரம் மஞ்சள் போட்டுக் கழுவினார். மிளகாய்த்தூளை அள்ளிப் பூசினார். பொரிக்கும்போது முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதையும் நான் கண்டேன். கண்டும் சாப்பிட்டேன்.

முதல் வாய் வைத்ததும் நாக்கில் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. மிளகாய்த்தூள் என்று நினைத்தேன். முள்ளை மட்டும் விட்டுவிட்டு முழுவதையும் தின்று தட்டைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டல் எழும்பியது. வியாபாரிகளில் ஒருவர் எழும்பி, "அப்ப நாளைக்கு நாங்கள் எடுக்கிறம்" என்றார். நாகராசா அண்ணையின் கண் கலங்கியதைப் பார்த்தேன். என் வாழ்க்கையின் மிகப்பெரிய வெற்றி அது. அதன் ஆயுள் ஒரு முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். நன்றியுரையும் நானே சொல்லுவேன் என்று நின்றேன். "இந்த அரிய வாய்ப்பை அளித்த" என்று தொடங்கும்போது முகம் தீயாய் எரிந்தது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. காதுக்குள் வண்டு இரைந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தபடியே குனிந்து ஓங்காளித்தேன்.

பிறகு நடந்ததை அந்த ஒலிபெருக்கி களப்பின் அக்கரை வரைக்கும் அறிவித்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. சனம் நாலாபக்கமும் ஓடியது. "நஞ்சு! நஞ்சுதான்!" என்று ஒரு பெண் கத்தினாள். நான் நிலத்தில் கிடந்துகொண்டு, "இல்லை... இது... பழுது..." என்று விளக்கம் சொல்லப் பார்த்தேன். வாய்க்கு அப்போது வேறு வேலை இருந்தது. மூன்று சைக்கிள்களும் போவதைக் கிடந்தபடியே கண்டேன்.

ஒரு பழைய ஏ-நாற்பது காரில் என்னைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "நஞ்சுமில்லை ஒண்டுமில்லை, பழுதான மீன் ஒத்துவரேல்லை, அவ்வளவுதான்" என்று டொக்டர் சொன்னார். அதை ஐயாவும் நானும் மட்டும்தான் கேட்டோம். ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"யூரியாவைச் சொல்லேக்கையே சத்தியெடுத்திருந்தால் எனக்காவது நிம்மதியா இருந்திருக்கும்."

நான் இரண்டு நாளில் எழும்பிவிட்டேன். குறிச்சி எழும்பவில்லை. சந்தையில், "படிச்ச பிள்ளையே சாகப் பாத்ததாம்" என்பது முடிந்த முடிவாகிவிட்டது. ஹெலிக் கதையைவிட என் கதைக்குத்தான் சாட்சி அதிகம். அந்த மாரியில் நல்ல மழை பெய்து, வெள்ளம் மணலை அறுத்து, களப்பின் முகம் திறந்தது. கடல் உள்ளே வந்தது. இறாலும் குஞ்சு மீனும் வந்ததென்று ஐயா சந்தையில் கேட்டுவந்து சொன்னார். ஆனால் அதற்குள் பாதிப் பேர் வலையை விற்றுவிட்டார்கள். நாகராசா அண்ணை முல்லைத்தீவுப் பக்கம் வேறு ஆட்களின் வள்ளத்தில் கூலிக்குப் போய்விட்டார். சந்தையில் ஐயாவுக்குப் பக்கத்து இடம் கனநாள் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கனகாலம் யாரும் மீன் பற்றிக் கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போகவுமில்லை. போக வெட்கம்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். கணவர், நான்கு வயது மகள், ஒரு சைக்கிள், நனைந்த இரண்டு பைகள். தென்மராட்சியில் கால் வைக்க இடமில்லை. விசாரித்து விசாரித்துக் களப்புக்கரைப் பக்கமாகப் போனோம். ஒரு வளவில் ஏற்கெனவே ஏழெட்டுக் குடும்பம் இருந்தது. வாசலில் நின்ற ஒரு வயதான அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"ரீச்சரெல்லோ?"

இராசமலர் அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்குத் திரும்பி ஓடலாம் போல இருந்தது. ஓடுவதற்கும் இடமில்லை.

"அண்ணை?" என்றேன்.

"முதலிலை வந்து வந்து போனவர். இப்ப கனகாலம் கடிதமில்லை. உள்ளை வாங்கோ, பிள்ளை நனையுது."

மத்தியானம் சோறும் திரளிக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். மகள் பசியில் கையை நீட்டினாள். நான் என்னையறியாமல் அவளுடைய கையைப் பிடித்தேன். இராசமலர் அக்கா அதைக் கண்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.

"விடிய உயிரோடை வலையிலை பட்டது. இனிப் பிள்ளைக்குக் குடுங்கோ."

விருந்தாளிக்கு முன் வீட்டுக்காரர் தின்று காட்டுவது அந்த ஊர்வழக்கம் என்று மகள் நினைத்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு முழுக்கதையையும் என் ஐயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போது அவளுடைய வீட்டில் மீன் சமைத்தால் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு, "உயிரோடைதான் இருக்கிறன் அம்மா, சாப்பிடுங்கோ" என்பாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இராசமலர் அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை என்பதை மட்டும் இதுவரை நான் அவளுக்குச் சொல்லவில்லை.