கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம்

"வயரை எலி கடிச்சிருச்சு சார்!"

இரண்டாம் வகுப்பு டீச்சர் போட்ட அலறலில், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் கைக்குட்டையைத் தவறவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரே கம்ப்யூட்டர் அது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் வாய்விட்டுப் பதில் சொல்லுமாம். சொல்லியும் இருக்கும், வகுப்பறையில் ஒரு பிளக் இருந்திருந்தால். பள்ளிக்கே ஒற்றைப் பிளக். அது ஹெட்மாஸ்டர் அறையில், அவருடைய ஃபேனுக்கு. ஃபேனைப் பிடுங்க யாருக்குத் துணிச்சல்? ஆனாலும், "பிள்ளைகள் தினமும் கம்ப்யூட்டரோடு பேசுகிறார்கள்" என்று டீச்சர் மேலிடத்துக்கு அளந்துவிட்டிருந்தாள். அதை நேரில் பார்த்தே தீருவது என்று கல்வி அதிகாரி இன்றைக்குக் கிளம்பி வருகிறார்.

அதற்காக, ஃபேன் வயரோடு சேர்த்து முறுக்கி, ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து வராந்தா வழியாக இழுத்த வயரைத்தான் எலி ருசி பார்த்துவிட்டது.

"குட்டு உடைஞ்சா தண்ணியில்லாக் காட்டுக்குத்தான் மாத்துவாங்க சார். என் பொண்ணை இப்பத்தான் இங்க சேர்த்திருக்கேன்!" என்று டீச்சர் கையைப் பிசைந்தாள்.

டீச்சரின் கொழுந்தனுக்குப் போன் பறந்தது. சகலகலா வல்லவன் என்று வீட்டில் பேர். வந்தான், வயரை முறுக்கினான், ஸ்விட்சைத் தட்டினான். டப்! கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தது. துணைக்கு ஃபேனும் நின்றது.

"கவலைப்படாதீங்க அண்ணி, வயர் இப்ப நல்லா இருக்கு," என்றான் கொழுந்தன்.

"கம்ப்யூட்டர்?"

"அது போயிருச்சு. பதில் வரணும், அவ்வளவுதானே? மேஜைக்கு அடியில யாராவது உக்காந்து சொல்லட்டும்." சொல்லிவிட்டு நழுவினான்.

ஆயாவுக்குக் காது மந்தம். டீச்சர் வகுப்பில் நிற்க வேண்டும். மிச்சமிருந்தவர் ஹெட்மாஸ்டர். பாதி உடம்பு தானாக உள்ளே போயிற்று. மீதியை டீச்சர் தள்ளினாள். விரிப்பை இழுத்து மூடிவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பினாள்.

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"மேஜை மேல!"

"ஹெட்மாஸ்டர்?"

"மேஜைக்குக் கீழ!"

"ஐயோ, அதைச் சொல்லக்கூடாது!"

வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி உள்ளே வந்ததும் குனிந்து திரையைப் பார்த்தார். "என்ன இருட்டா இருக்கு?"

"கரண்ட்டை மிச்சம் பண்றோம் சார்."

"ஆறும் ஏழும் எவ்வளவு?"

"பதி...மூன்று," என்றது மேஜை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

அதிகாரியின் புருவம் ஏறியது. "பேஷ்! உங்க ஹெட்மாஸ்டர் எங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மேஜையே முந்திக்கொண்டது. "அதிகாரி கூட்டிய... மீட்டிங்குக்குப் போயிருக்கிறார்."

"நான் எங்கே மீட்டிங் கூட்டினேன்?"

மேஜை யோசித்தது. யோசித்த நேரத்தில் விரிப்பிலிருந்த சாக்பீஸ் தூள் மூக்கில் ஏற, அச்சூ! மேஜை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

"வைரஸ் சார்!" என்றாள் டீச்சர். "கம்ப்யூட்டருக்கெல்லாம் இப்ப வைரஸ் வருதாமே!"

"கம்ப்யூட்டர் சார், நூறாயுசு!" என்று பிள்ளைகள் வாழ்த்தினார்கள்.

"நன்றி," என்றது மேஜை, பழக்கதோஷத்தில்.

அதிகாரி விரிப்பைத் தூக்கினார். உள்ளே ஹெட்மாஸ்டர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அதிகாரி விரிப்பை இறக்கிவிட்டு வெளியே நடந்தார்.

டீச்சர் பின்னாலேயே ஓடினாள். "சார், பிள்ளைகுட்டிக்காரி சார்! இந்த ஒரு தடவை..."

"வாயை மூடுங்க! அரசாங்கத்தையே ஏமாத்தறீங்களா? ஆளை உள்ள வச்சுக் கம்ப்யூட்டர்னு காட்டறதா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு பித்தலாட்டத்தைப் பார்த்ததே இல்ல. நாளைக்கே உங்க ரெண்டு பேருக்கும் ஆர்டர் வரும்!"

அப்போது ஜீப் டிரைவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்:

"சார், நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர், பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு கேக்கறாராம்!"